வலப்பக்கம் கொஞ்சம் மெலிவு

ஜூன் 3, செவ்வாய்

மழை. எங்கள் இயர்போன் கடை முழுக்க ஈரக்குடை வாசனை. காலையிலேயே ஒரு நர்ஸ் வந்தார். எட்டாயிரம் யென்தான் முடியும் என்றார். ஆண்கள் கையில் இருப்பதைக் குறைத்துச் சொல்வார்கள், பெண்கள் உள்ளதைச் சொல்வார்கள். பாட்டுக் கேட்பது ஒரு பழைய கையடக்க பிளேயரில். அதற்கு விலை கூடிய இயர்போன் வாங்கினால் காசுக்குக் கேடு. ஆறாயிரத்துக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்து, மீதிக்கு நல்ல ரப்பர் முனை வாங்கச் சொன்னேன். காதில் சரியாக உட்காராவிட்டால் லட்ச யென் இயர்போனும் தகரம்தான்.

மதியம் இகராஷி என்பவரின் இயர்போன் மாதிரி ஒன்று வந்தது. சான்ஜோ ஊரில் வீட்டிலேயே உலோகத்தைக் கடைசல் பிடித்துச் செய்கிறார், மனைவி பெட்டியில் போடுகிறார். எங்கள் இருபதாயிரம் யென் விலைத் தட்டில் இடம் கேட்கிறார். நான் கேட்டுச் சரி என்றால்தான் எதுவும் தட்டில் ஏறும். பாடுகிற குரல் அழகாக வருகிறது. ஆனால் வலப்பக்கம் சத்தம் கொஞ்சம் மெலிவு. அப்படியே எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்த வருடம் வருகிற சரக்கெல்லாம் வலப்பக்கம் மெலிவாகத்தான் வருகிறது. யாருக்கும் வேலையில் கவனமே இல்லை.

ஜூன் 12, வியாழன்

இகராஷி சரிசெய்து அனுப்பியிருந்தார். மறுபடியும் அதே மெலிவு. எங்கள் கடையில் கேபிள் விற்கும் மினெகிஷி அதை வாங்கிக் காதில் போட்டுக் கேட்டான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே, காதக்கா?" கடையில் எனக்கு அதுதான் பேர்.

"அதனாலதான் நீ கேபிள் விக்கிற."

கடையே சிரித்தது. அவனும் சிரித்தான், பாவம்.

ஜூன் 21, சனி

இகராஷி நேரிலேயே வந்துவிட்டார். இந்தப் புழுக்கத்தில் கோட்டு, டை. இரண்டு கையாலும் ஓர் இனிப்புப் பெட்டியை நீட்டி, இடுப்பு வரை குனிந்தார். "ரெண்டு தடவை உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன். மன்னிக்கணும்."

மூன்றாவது மாதிரியை அவர் எதிரிலேயே போட்டுக் கேட்டேன். "வலது..." என்று ஆரம்பித்ததுமே அவர் முகம் விழுந்துவிட்டது. மெதுவாகக் கேட்டார்: "ஒரு தடவை இடம் வலம் மாத்தி மாட்டிப் பாக்கிறீங்களா? நேரான குழல்தான், எந்தக் காதுலயும் உக்காரும்."

சுருக்கென்றது எனக்கு. "இந்த நாற்காலிக்கு நான் நேத்து வரலை, இகராஷி-சான்."

"ஐயோ, தெரியாமக் கேட்டுட்டேன்." மறுபடியும் குனிந்தார். மாதிரியை வைத்துவிட்டுப் போனார்.

தேநீர் வேளையில் அந்த இனிப்பை எல்லோருமாகத் தின்றோம். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

அவர் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் மேல்தான் தப்பு என்று காட்டுவதற்காகவே மாற்றி மாட்டினேன். இயர்போனில் குறை இருந்தால் மெலிவு இடப்பக்கத்துக்கு வர வேண்டும்.

வரவில்லை.

ரப்பர் முனையை மாற்றினேன். காதைத் துடைத்தேன். என்னிடம் உள்ள நேர்க்குழல் இயர்போன்களை எல்லாம் எடுத்து மாற்றி மாற்றி மாட்டினேன். வலது, வலது, எதை மாட்டினாலும் வலதுதான் — என்னடி இது? என் காதா? இத்தனை நாளும் என் காதா?

ஜூன் 24, செவ்வாய்

காது டாக்டர். மெல்ல மெல்லப் போயிருக்கிறதாம். போனது திரும்பாதாம்.

ஜூலை 2, புதன்

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலி போகும், காதக்கா என்கிற பேரும் போகும். அதைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது?

மினெகிஷி கேட்டான்: "இகராஷியோட மாதிரி என்ன ஆச்சுக்கா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

பொய். மேஜை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டி வைத்திருக்கிறேன்.

என் காது கெட்டதற்கு அந்த மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இனிப்பு வாங்கி வந்து கேட்டார். நான் அதைத் தின்றுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. ச்சீ.

ஜூலை 13, ஞாயிறு

சான்ஜோ போய் வந்தேன்.

டோக்கியோ நிலையத்தில் இனிப்புப் பெட்டி வாங்கினேன். ஒன்றும் வாங்காமல் எப்படிப் போய் நிற்பது? அவர் மனைவி கதவைத் திறந்தார். கடைசல் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. இகராஷி இப்போது பெட்டியில் அடைத்த சாப்பாடு தயாரிக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாராம். அரிசி மாவு மாதிரி வெளுத்துப்போன கையோடு வந்து உட்கார்ந்தார்.

பாயில் நெற்றி படக் குனிந்து சொன்னேன். தப்பு உங்கள் இயர்போனில் இல்லை, என் வலக்காதில் என்று.

இகராஷி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்போ என் காது நல்லாத்தான் இருக்கா?"

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. உங்க காதே சரியில்லைன்னு சொல்லுதுன்னா, கெட்டது என் காதுன்னு நினைச்சுட்டேன். கேக்கத் தெரியாதவன் எதுக்குச் செய்யணும்? நிறுத்திட்டேன்."

அழுதேன். அழ எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் அழுதேன்.

அவர் மனைவிதான் கேட்டார்: "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"போன மாசம். இவர் வந்துட்டுப் போன மறுநாள்."

"மறுநாளே தெரிஞ்சும் இத்தனை நாள் சும்மா இருந்தீங்க. இவரு பாட்டுக் கேக்கறதையே விட்டுட்டாரு, தெரியுமா? போன வாரம்தான் அந்த வேலைக்குப் போனாரு. அந்த இனிப்புப் பெட்டியை எடுத்துட்டுப் போங்க."

இகராஷி அவரைத் தடுக்கவில்லை. ரயிலில் பெட்டி மடியிலேயே இருந்தது.

ஜூலை 14, திங்கள்

மேனேஜரிடமும் மினெகிஷியிடமும் சொல்லிவிட்டேன். இனி மாதிரிகளை மினெகிஷி கேட்பான், நான் கேபிள் விற்பேன். அவன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "பரவாயில்லை, சுகிமோரி-சான்" என்றான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தட்டில் இடம் தருகிறோம் என்று கடை சார்பில் இகராஷிக்கு எழுதினார்கள். பதில் இல்லை. எப்படி வரும்?

நவம்பர் 2, ஞாயிறு

விடுமுறை. எதிர்த் தெருவில் உள்ள இயர்போன் கடைக்குள் முதல் தடவையாக நுழைந்தேன். இருபதாயிரம் தட்டில், நடுவில், அது இருந்தது. அட்டையில் இகராஷி என்று பேர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விற்கிற பெண் ஓடி வந்தாள். "இது போன மாசம்தான் வந்துச்சு. இந்த விலைக்கு யார் கேட்டாலும் நான் இதைத்தான் எடுத்துக் குடுப்பேன். போட்டுப் பாருங்க."

போட்டேன். இடப்பக்கம் ஒருத்தி பாடினாள். வலப்பக்கம் அவளே சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடினாள்.

"ரெண்டு பக்கமும் சரியாக் கேக்குதா?" என்றாள் அந்தப் பெண்.

"ரொம்பச் சரியா இருக்கு" என்றேன்.