அரை பீட் தாமதம்

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, உன் டிரம்மரிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு.

நீ வீட்டை விட்டுப் போன பிறகு அப்பா நம் குடும்ப பேண்டில் என்னை உன் மைக் முன்னால் நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடம் விட்டால் நேராக ஒத்திகைதான். அவருடைய பழைய அமெரிக்க சோல், ஃபங்க் வகைப் பாட்டுகளில் எல்லோரும் முதல் பீட்டில் ஒன்றாக விழ வேண்டும். தவறினால் சுவரைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். உனக்குத் தெரியாததா! இன்று நான் அரை பீட் பிந்திப் பாடிவிட்டேன். நீ போனில் சொல்லிக்கொடுத்த மாதிரியே வாய் தானாக இழுத்துவிட்டது.

அப்பா கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது.

"இப்படி இழுத்துப் பாடுறவ ஒருத்திதான். அந்த ஓடுகாலிகூட எத்தன நாளா பேசிக்கிட்டிருக்க?"

"இல்லப்பா..."

"போனக் குடு."

கொடுத்துவிட்டேன் அக்கா. சனிக்கிழமை நீ எந்த ஹாலில் பாடுகிறாய் என்பது அதில் இருந்தது.

"என் பாட்ட வச்சுக்கிட்டு மேடை ஏறுறாளா? மைக்கோட சேத்து இழுத்துட்டு வரேன்" என்று கத்தினார்.

"வேன்ல எடம் இருக்குண்ணே" என்று சாக்ஸபோன் சித்தப்பா இளித்தார். அந்த மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ அங்கே பாடாதே. வேறு ஊருக்குப் போய்விடு. என்னைப் பார்க்கவென்று வந்துவிடாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கன்னம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பல்வலிதான்.

டிரம்பெட் மாமா ஜன்னலுக்குக் கீழே நிற்கிறார். இதை உன்னிடம் சேர்ப்பது அவர் பொறுப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீ போன அன்றைக்கு அம்மா...

அப்பா கதவைத் தட்டுகிறார். "லைட்டு எதுக்குடி எரியுது?" என்கிறார். இதை மாமாவிடம் கீழே எறிகிறேன்.