ஏழாம் கட்டின் சூடு

ஜூலை 9, புதன்

சோளகக் காற்று. பட்டறை முழுக்கச் செம்மண். மத்தியானம் சாப்பிட்ட பாணிலும் நறநற.

எங்கள் பல்கலைக்கழக அணி கட்டிய சூரியக் கார் இன்று முதல்முறையாக வெயிலை மட்டும் குடித்துச் சுன்னாகம் வரை போய் வந்தது. சந்தையடியில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "உது என்ன, சவப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டியிருக்கோ?" என்று கேட்டார். காருக்குப் பின்னால் போகும் எங்கள் வான் முழுக்கச் சிரிப்பு. ஜெனிக்குச் சொல்ல வேண்டாம் என்றேன்.

ஜெனிதான் ஓட்டுநர். குருநகர்ப் பிள்ளை, இரண்டாம் வருடம். அணியிலேயே நிறை குறைந்தவள், அதனால் அவள். கிட்டத்தட்டப் படுத்தபடி ஓட்ட வேண்டும். மூடியை வெளியே நின்று நாங்கள் பூட்டுவோம். உள்ளிருந்து தானே திறந்து வெளியே வர அவளுக்குப் பதினான்கு விநாடி. 19ஆம் திகதிப் போட்டியின் விதி, பதினைந்துக்குள்.

என் பொறுப்பு பற்றரி. பன்னிரண்டு கட்டுகள், ஒரே பெட்டி, அவள் முதுகுக்குப் பின்னால். பெட்டிக்குக் காற்று இழுக்கும் விசிறி மண்ணையும் இழுக்கிறது. அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து விசிறியின் வாயில் உட்புறமாகக் கட்டினேன். அணித்தலைவர் கோபி அண்ணை பார்த்துவிட்டு நல்ல மூளை என்றார். இறுதி வருடத்து ஆள், லேசில் பாராட்டமாட்டார். இரண்டு நாளைக்கு இது போதும்.

(போட்டிக்கு முதல் கழற்ற வேண்டும். மறக்காதே.)

ஜூலை 11, வெள்ளி

அதே காற்று. தலையிடி.

ஏழாம் கட்டு 55 பாகை. அலாரம். அலாரம் அடித்தால் மோட்டர் தானாக நிற்கும், அப்படித்தான் அமைத்தது. ஒரு மணித்தியாலத்தில் மூன்று தரம் நின்றது. மூன்றாம் தரம் தோட்டக்காரர்கள் சேர்ந்து தள்ளினார்கள்.

பின்னால் யாரோ "புகை அக்கா" என்றது கேட்டது. போன வருடம் மோட்டரின் கட்டுப்பாட்டுப் பலகையை எரித்தவள் நான். ஒரு தரம்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு சூடில்லை. சென்சர் பொய் சொல்கிறது என்று முடிவெடுத்தேன். புதியது கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை. போட்டிக்கு எட்டு நாள்.

அலாரத்தை 70க்கு ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை. சரிசெய்துவிட்டேன் என்று கோபி அண்ணையிடம் சொன்னேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஜூலை 14, திங்கள்

அச்சுவேலிப் பக்கம் ஓட்டம். தோட்டத்துக்கு இறைக்கும் குழாய் றோட்டுக்குக் குறுக்கே வெடித்துக் கிடந்தது. கார் சேற்றுக்குள்ளால் போனது. ஜெனி வெளியே வரும்போது முகத்தில் செம்மண் பொட்டு. உள்ளேயும் தெறித்திருக்கும். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இன்று நேரமில்லை.

ஏழாம் கட்டு 51. மற்றவை 43, 44. அலாரம் சத்தமில்லை. கோபி அண்ணைக்கு நல்ல சந்தோஷம்.

ஜெனி ஓட்டுவது அவள் அப்பாவுக்குத் தெரியாது. கடலுக்குப் போகிற மனுசன், மூடிய பெட்டிக்குள் பிள்ளையை விடமாட்டார் என்கிறாள். அம்மா கொடுத்த அந்தோனியார் பதக்கத்தைச் சுக்கானுக்குப் பக்கத்தில் நூலால் கட்டியிருக்கிறாள்.

செய்ய வேண்டியவை:
பிரேக் எண்ணெய் ✓
பின் லைற் ✓
வானுக்கு றேடியோ ✓
சூரியத் தகடு துடைக்க வடிதண்ணீர் (கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், வெள்ளை படியும்) ✓
வேட்டித் துண்டு

ஜூலை 17, வியாழன்

வெயில். போட்டிப் பரிசோதகர்கள் பின்னேரம் வருவதாக இருந்தது. பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். ஒரே ஓட்டமும் நடையும்.

ஜெனி பதின்மூன்று விநாடியில் வெளியே வந்தாள். கைதட்டல்.

பற்றரி எத்தனை பாகையில் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் என்று கேட்டார்கள். 55 என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. தாளில் எழுதிக்கொண்டார்கள். நான் ஒப்பமிட்டேன். பெட்டிக்குக் கம்பி போட்டு ஈயமுத்திரை அடித்தார்கள். முத்திரையை வெட்டினால் போட்டியிலிருந்து வெளியே.

பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு 14ஆம் திகதிப் பக்கத்தைப் புரட்டினேன். நாலு சரி அடையாளம். ஐந்தாவதுக்கு இல்லை.

சேற்றில் நனைந்து காய்ந்த வேட்டித் துண்டு. இப்போது ஓடு மாதிரி இருக்கும். விசிறிக்கு மூச்சே போகாது. சென்சர் பொய் சொல்லவில்லை. முதலிலிருந்தே மண் அடைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது.

அலாரத்தை மாற்றும் வயர் பூட்டுகிற இடமும் பெட்டிக்குள்தான். முத்திரைக்குள்.

இரவு சாப்பிடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கோபி அண்ணையிடம் துண்டைப் பற்றிச் சொன்னேன். துண்டை மட்டும்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. காரை ஒரு தரம் சுற்றி நடந்தார். இரண்டு வருட வேலை. பிறகு, "முறிகண்டியிலை தேங்காய் உடைக்க எப்பிடியும் நிப்பாட்டுவம். பரிசோதகர்மாரும் அங்கை நிப்பினம். கேட்டுத் திறப்பம்" என்றார். தெற்கே போகிற எந்த வாகனமும் அந்தப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போவதில்லை. உண்மைதான்.

அதுவரைக்கும் சூடேறினால், என்றேன்.

"அலாரம் இருக்குத்தானே. கார் தானா நிக்கும். நீர் ஏன் பயப்பிடுறீர்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம். பதிலுக்கு ஓம் என்றேன். புகை அக்கா என்று இன்னொரு தரம் கேட்க என்னால் முடியாது. இவ்வளவுதான் நான்.

இதில் எழுதியதும் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது. யாருக்கும் சொல்லாமலே சொல்லிவிட்ட மாதிரி. இது நல்லதில்லை.

ஜூலை 19, சனி

காலை 7.50. பருத்தித்துறை. முகில் இல்லை, ஓட்டத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். கார் அவ்வளவு லேசு, பழம் நசியாமல் உருண்டு போனது. கோபி அண்ணை சிரித்துக்கொண்டு காலால் மிதித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மூடியைப் பூட்டும்போது ஜெனி எனக்குக் கை காட்டினாள்.

வான். நான் பின் இருக்கை, மடியில் கணினி. முன்னால் கோபி அண்ணை, அவர் கையில் றேடியோ. இலக்கங்களைக் கொப்பியில் பதிவது என் வேலை.

கொடிகாமம். 7ஆம் கட்டு 48.

பளை. 54.

56. கார் நிற்கவில்லை. கோபி அண்ணை ரோல்ஸ் சாப்பிடுகிறார். எல்லாம் சரியோ என்று கேட்டார். ஓம் என்றேன். இரண்டாவது ஓம்.

ஆனையிறவு. இரண்டு பக்கமும் உப்பு. நிழலுக்கு ஒரு மரமில்லை. 61.

றேடியோவில் ஜெனி: "அக்கா, முதுகுப் பக்கம் சுடுது. துணி கருகிற மாதிரி ஒரு மணம்."

இரைச்சல். பிறகு: "அலாரம் அடிக்கேல்லைத்தானே? அப்ப பிரச்சினை இல்லை. முறிகண்டிக்கு ஓடுறன்."

கோபி அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன்.

63. கிளிநொச்சியே இன்னும் வரவில்லை. முறிகண்டி அதற்கும் அப்பால்.

சொல்ல வேண்டியது: அலாரம் எழுபதிலை நிக்குது, நான்தான் மாத்தினனான், நிப்பாட்டச் சொல்லுங்கோ. எழுதிப் பார்த்தாயிற்று. வாயைத் திறக்க வேண்டும்.

65. மூடியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ. தூசியாக இருக்கலாம். ஆனால் தூசி பறக்க இங்கே செம்மண் இல்லை.

வெளியே வர அவளுக்குப் பதின்மூன்று விநாடி வேண்டும்.

67. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.