ரெண்டுதான்மா

அன்பு மச்சானுக்கு,

உங்கள் மேல் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். கப்பல் டர்பன் துறைமுகம் சேர்ந்ததும்தான் இதைப் படிப்பீர்கள். நம் சின்னவன் அதீஃப் நலம். மூத்தவள் அமீராவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் என்று போன மாதம் சொன்னேன் இல்லையா, நேற்று ஸ்கேனில் அது பாதி எலும்பு வரை ஓடியிருக்கிறது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். அப்படியும் சேராவிட்டால் உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பதினோரு வயதுப் பிள்ளைக்கு, மச்சான்.

ஓடியதால் வந்தது என்று உங்கள் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் மறைக்க முடியாது.

ஃபேரர் பார்க் கிளினிக்கில் அவளுக்குப் பிசியோதெரபி பார்க்கும் ரக்ஷனா ஒவ்வொரு முறையும் கேட்பாள், குதிக்கும்போது வலி பத்துக்கு எத்தனை என்று. மூன்றைத் தாண்டினால் ஓட விடமாட்டாள். உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பதற்கான ஓட்டத் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது. ரயிலில் போகும்போது அமீரா, "இன்னிக்கு அஞ்சு மா" என்றாள். நான்தான், "அக்கா கேட்டா ரெண்டுன்னு சொல்லு, இப்ப நிறுத்திட்டா எல்லாம் வீண்" என்றேன். சொன்ன சொல் தட்டாத பிள்ளை. நான்கு தடவையும் ரெண்டு. ரக்ஷனா நம்பி ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். செவ்வாய்க்கிழமை பள்ளித் திடலில், இரண்டாவது சுற்றில், அமீரா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று ரக்ஷனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவ சொல்ற நம்பர வச்சுத்தானேக்கா நான் அடுத்த ஸ்டெப் போறேன். இனிமேலாச்சும் உண்மைய சொல்லச் சொல்லுங்க லா" என்றாள்.

அதுதான் முடியவில்லை. இரவு மணி ஒன்றரை. அடுத்த அறையில் அமீரா தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எத்தனை என்று கேட்டேன். "ரெண்டுதான்மா." அம்மா சொல்லிக்கொடுத்தது தப்பு, உண்மையைச் சொல் என்று கெஞ்சினேன். என்னையே பார்த்துவிட்டு, "தேர்வு என்னிக்கும்மா?" என்று கேட்கிறாள்.

கரை இறங்கியதும் என்னைக் கூப்பிடாதீர்கள். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவளைக் கூப்பிட்டு, எத்தனை என்று நீங்கள் கேளுங்கள். வாப்பாவிடம் சொல்வாள். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன், அதீஃபைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுகிறேன். அவள் சொல்லும் எண் எதுவானாலும் எனக்கு அனுப்புங்கள்.

பிள்ளைக்காக துஆ செய்யுங்கள். மனம் வந்தால் எனக்காகவும்.

உங்கள்
நஸீஹா
பூன் லே