கொடுவாளை வாங்கப் போன மூவரின் சாட்சி

அனுப்புநர்:
செல்லி, க/பெ. சடையன்,
புளியங்கொல்லை கிராமம்,
ஜமுனாமரத்தூர் அஞ்சல்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வட ஆற்காடு மாவட்டம், வேலூர்.

பொருள்: சிங்காரம் என்பவரின் மேல்முறையீட்டில் எங்கள் சாட்சியத்தை நீக்கச் சூழ்ச்சி நடப்பதாகச் சந்தேகம் – விசாரிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடுக்காய்க் குத்தகைக்காரரின் காவலாளான சிங்காரம், செந்தாமரை என்ற பெண்ணைப் பலாத்காரம் செய்த குற்றத்துக்காக அமர்வு நீதிமன்றத்தில் ஏழாண்டு தண்டனை பெற்றார். இப்போது உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து ஜாமீனில் இருக்கிறார். அவ்வழக்கில் நானும் குப்பம்மாள் என்பவரும் சாட்சிகள்.

2. கடுக்காய் பொறுக்கப் போகும் பெண்ணின் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு, "சாயந்தரம் ஒண்டியா கொட்டாய்க்கு வந்து வாங்கிக்கினு போ" என்பது அவர் வழக்கம். செந்தாமரையிடம் சொன்னது இதுவே. அதற்கு முந்திய வருடம் குப்பம்மாளிடமும், அதற்கும் முந்திய வருடம் என்னிடமும் சொன்னது இதுவே. அவர் காவலிருக்கும் அந்தக் கொட்டாயில் மூவருக்கும் நடந்ததும் ஒன்றே. நீதிமன்றத்தில் சொல்லிவிட்டேன், மறுபடி எழுத மனம் வரவில்லை. கொடுவாள் இல்லாமல் வீட்டுக்குப் போனால் மாமியார் கேட்கும் கேள்விக்குப் பயந்துதான் அங்கே போனேன். போனது என் தப்பு என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். பேசட்டும்.

3. அப்போதே ஏன் புகார் செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "அதான் கொடுவாளக் குடுத்துட்டானே" என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். கொடுவாள் கைக்கு வந்துவிட்டது, வீட்டுக்குத் தெரியாமல் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டதைத்தான் அப்படிச் சொன்னேன். வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. சாட்சி சொல்லித் திரும்பிய நாளிலிருந்து என் கணவர் என்னுடன் பேசுவதில்லை.

4. சென்ற மாதம் வாரச்சந்தையில் சிங்காரம் என் காதில் விழும்படியே, "ஒருத்தி கேசுல இன்னொருத்தி கதை இன்னாத்துக்கு? ஐகோர்ட்டுல அதெல்லாம் தூக்கிக் கடாசிடுவாங்க" என்றார். ஒரு வாரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, ரேஷன் கார்டுக்கு என்று ஒரு தாளை நீட்டி என் கைரேகையைக் கேட்டார். ஊரில் முப்பது வீடு இருக்க, என் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தார்? அன்றே ஏழு மைல் தள்ளியிருக்கும் குப்பம்மாள் வீட்டுக்கும் போயிருக்கிறார். நான் வைக்கவில்லை, குப்பம்மாள் வைத்துவிட்டார். எங்கள் இருவர் பெயரும் சேர்ந்திருப்பது சாட்சிப் பட்டியல் ஒன்றில்தான். அதை அவருக்குக் காட்டியது யார்? அந்தத் தாளில் எழுதியிருந்தது என்ன?

5. எனக்கு இப்போது யார்மீதும் நம்பிக்கை இல்லை, ஐயா மன்னிக்கவும். இம்மனுவைக்கூட ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, அவருக்குத் தெரியாத வேறு இருவரிடம் தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ரேகை வைத்தேன்.

6. குப்பம்மாளை நேரில் அழைத்து விசாரிக்கவும், எங்கள் சாட்சியத்தை அரசு வக்கீல் விட்டுக்கொடுக்காமல் வாதாடவும் ஐயா ஆவன செய்ய வேண்டும். ஒரே ஆள் மூன்று பேரிடம் ஒரே சூதைச் செய்தது செந்தாமரை வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றால், வேறு எதுதான் சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

7. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றே தீர்ப்பானால், அவ்வழக்கிலிருந்து என் பேச்சை நீக்கிக்கொள்ளட்டும். அன்றைக்கே இம்மனுவை, சிங்காரம் எனக்குச் செய்த குற்றத்துக்கு நான் கொடுக்கும் சொந்தப் புகாராகப் பதிவு செய்து, என்னை முதல் சாட்சியாகக் கூப்பிட வேண்டுகிறேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன். வருவேன்.

இடம்: ஜமுனாமரத்தூர்
நாள்: 14-3-1984

இப்படிக்கு,
செல்லி
(இடது பெருவிரல் ரேகை)