ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகராத வண்டி

மாத்தாவேரா, ரரோதோங்கா
திங்கட்கிழமை காலை

என் அன்பு மகள் துவாயினேவுக்கு,

அப்பா தெயாரிக்கி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த ஆக்லாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கண் விழித்ததும் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்தைப் பார்த்து யாரிடமோ சொல்லி எழுதச் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. இது என் கைதான். போதகரின் மனைவி நடத்தும் எழுதப் படிக்கும் வகுப்பில் என்னை முன் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். இந்தப் பத்தியை ஆரம்பித்தபோது பக்கத்தில் வைத்த தேநீர் இப்போது ஆறிப்போய்விட்டது, ஆனாலும் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. தொலைபேசியில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, தாளில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததை உன் சித்தி அக்கைத்தி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குக் கண்ணும் போச்சு, கையும் போச்சு, வண்டியை வித்துடுங்க, கிறிஸ்துமஸுக்கு வந்து கையோட கூட்டிட்டுப் போறேன் என்று நீ சொன்னாயாம். அதைக் கேட்ட இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டி இல்லாவிட்டால் மேல்காட்டுச் சேம்பு வயலுக்கு எப்படிப் போவேன், சந்தைக்கு எப்படிப் போவேன், ஒரு மாதத்தில் நானே உன்னைக் கூப்பிட்டு, வந்து கூட்டிப் போ என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் உண்மையில் என்ன நடந்தது என்று கண்டுபிடித்தே தீர்வது என்று உட்கார்ந்தேன்.

முதல் ஞாயிறன்று நடந்தது இது. ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு, துவாயினே! சனிக்கிழமையே வெள்ளைச் சட்டையும் காற்சட்டையும் தேய்த்து வைத்தேன், வண்டியைக் குழாய் போட்டுப் பளபளவென்று கழுவினேன். ஞாயிறு காலை வேதப்புத்தகத்தை முன் கூடையில் வைத்து வண்டியைக் கிளப்பினால் நகரவே இல்லை. பின்சக்கரம் மண்ணைப் பறிக்கிறது, முன்சக்கரம் முளை அடித்த மாதிரி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம், பிடித்திருந்தது விட்டுவிட்டது, நான் செம்பருத்தி வேலியைத் தாண்டி அக்கைத்தியின் சேம்புப் பாத்தியில் போய் உட்கார்ந்தேன். வேதப்புத்தகம் நனையவில்லை. நான் மட்டும்தான். அன்று என் பாடத்தை மூப்பர் வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் ஸ்பானரைத் தொட மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். திங்கட்கிழமை புனாவின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். உன்கூடப் பள்ளியில் படித்த அதே புனாதான், இப்போது தொப்பை வைத்திருக்கிறான். அவன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான், காற்றாடி மாதிரி சுற்றியது. பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பி வராமல் நிற்கும் என்று சொல்லிப் புதுக் கேபிள் போட்டான். அந்த வாரம் முழுக்க ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை மறுபடி கழுவி வைத்தேன். ஞாயிறு காலை மறுபடி அதே பிடி. இந்தத் தடவை முறுக்கவில்லை, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தள்ளினேன், டக்கென்று விட்டது, ஆனால் அதற்குள் வியர்த்து வழிந்து ஆலயத்துக்குள் நுழைந்தபோது பாடம் முடிந்து பாட்டு ஆரம்பித்திருந்தது. திங்கட்கிழமை புனாவிடம் போனால் மறுபடியும் காற்றாடி. அவன் பட்டறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "பெரியப்பா வண்டி பக்தியுள்ள வண்டிடா, ஓய்வு நாள்ல வேலை செய்யமாட்டேங்குது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது, ஏனென்றால் இப்போது அவனும் என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. நீ வண்டியை விற்கச் சொல்கிறாய், அக்கைத்தி பக்கத்து வீட்டில் இருக்கிறாள், சனி இரவில் அவள்தான் வந்து எதையோ முடுக்கிவிட்டுப் போகிறாள் என்று முடிவு கட்டி வேலிக்கு மேலாகக் கேட்டும்விட்டேன். அவள் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "அத்தான், உன் வண்டிய ஓடாம ஆக்கணும்னா நான் அத நேரா கடல்ல தள்ளியிருப்பேன். ராத்திரில வந்து பிரேக்க முடுக்கிக்கிட்டு உக்கார எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள். அதோடு விட்டாளா? "நானா உன் வண்டிய கட்டுறேன்? சனிக்கிழமையானா குழாய சக்கரத்துக்குள்ள விட்டுக் குளிப்பாட்டுற, அப்புறம் ஓடிப்போற பன்னிய கட்டுற மாதிரி இழுத்துக் கட்டுற, எல்லாம் நீதான். என் வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றாள்.

உடனே எனக்கு உறைக்கவில்லை. எதைக் கட்டுகிறேன் என்று யோசித்த பிறகுதான் கைப்பிடியில் தொங்கும் ரப்பர் நாடாவைக் குனிந்து பார்த்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ விமானம் ஏறப் போகும் வாரத்தில் வண்டி வாசல் சரிவில் தானாக உருண்டுபோய் முற்றத்தில் இருக்கும் அம்மாவின் கல்லறையில் முட்டிப் பூச்சாடியை உடைத்தது. நீ பழைய டியூபை நாடாவாக வெட்டி, ஒரு முனையைக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை வளையமாக்கி, வண்டியை நிறுத்தியதும் இதைப் பிரேக் பிடியின் மேல் இழுத்து மாட்டிடுங்க அப்பா, அப்பத்தான் உருளாது என்றாய். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் மாட்டுகிறேன். அது கண்ணுக்கு முன்னாலேயே இருந்து இருந்து எனக்குக் கண்ணில் படுவதே இல்லை.

புனாவிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "இத்தன வருசமா கட்டுறீங்க, இப்ப மட்டும் ஏன் பிடிக்குது?" என்றான். நியாயமான கேள்விதான். பதில் அக்கைத்தியிடம் இருந்தது. "புதன்கிழமைய ஞாயித்துக்கிழமையா ஆக்கிப் பாருங்கடா" என்றாள். அப்படியே செய்தோம். ஒரு நாள் கழுவினேன், கட்டவில்லை, காலையில் சக்கரம் சுற்றியது. மறுநாள் கட்டினேன், கழுவவில்லை, அப்போதும் சுற்றியது. அதற்கு மறுநாள் சனிக்கிழமை செய்வது போலவே குழாயைப் போட்டுக் கழுவி, நாடாவையும் மாட்டி, அப்படியே விட்டேன். விடிந்ததும் தள்ளினால் அசையவில்லை. அவிழ்த்த பிறகும் அசையவில்லை. நான் சந்தோஷத்தில் கத்தியதில் அக்கைத்தி யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தாள். தொடாதீங்க, தள்ளாதீங்க, நான் வர்றேன் என்று புனா தொலைபேசியில் கத்தினான். வந்து சக்கரத்தைக் கழற்றி நடுவில் இருக்கும் பிரேக் டிரம்மைத் திறந்து காட்டினான். உள்ளே சுற்றிலும் லேசான செம்பொடி, பிரேக் ஷூ அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் அதே வடிவத்தில் கெட்டியான துரு ஒட்டிப்போயிருந்தது, ரொட்டி சட்டியில் ஒட்டுமே அந்த மாதிரி. மழையில் ஓட்டி வந்தால் ஓட்டும் சூட்டிலேயே உள்ளே காய்ந்துவிடுமாம். முன்பெல்லாம் நான் வண்டியைக் கழுவியதே இல்லையே. வாசிக்கப் போகிறவன் அழுக்கு வண்டியில் போகக் கூடாது என்றுதான் இப்போது சனிதோறும் கழுவுகிறேன், கழுவி ஈரத்தோடு இறுக்கியும் வைக்கிறேன், உப்புக் காற்று மிச்ச வேலையைச் செய்துவிடுகிறது. நான் ஆட்டித் தள்ளி விடுவித்த பிறகு திங்கட்கிழமை அவன் பார்த்தால் அங்கே என்ன இருக்கும்? புனா எழுந்து நின்று, "பெரியப்பா, உங்க கண்ணுலயும் ஒண்ணுமில்ல, கையிலயும் ஒண்ணுமில்ல" என்றான். அந்த வார்த்தையை உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அக்கைத்தியிடம் மன்னிப்புக் கேட்க ஒரு குலை வாழைப்பழத்தோடு போனேன். வாங்கிக்கொண்டு, இதே மாதிரி வாரா வாரம் சந்தேகப்படு அத்தான் என்றாள். இரவு தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பு இலை அனுப்பினாள்.

நேற்று ஞாயிறு. சனிக்கிழமை கழுவினேன், கழுவியபின் ஆலயம் வரை ஒரு நடை பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து ஓட்டிக் காயவைத்துக் கொண்டுவந்து நிறுத்தினேன், கட்டவில்லை, முன்சக்கரத்துக்குக் கீழே ஒரு தேங்காய் மட்டையைச் செருகினேன். காலையில் ஒரு விரலால் தள்ளினேன், நகர்ந்தது. பாடத்தை வாசித்தேன். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன், அக்கைத்தி பின்னாலிருந்து வேண்டுமென்றே இருமினாள், மறுபடி பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்து உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு இன்னொரு தடவை வாசித்துக் காட்டினேன். அவள் உயிரோடு இருந்தவரை எல்லாவற்றையும் எனக்கு வாசித்தது அவள்தானே.

நீ கட்டியது தப்பு என்று ஒரு நொடிகூட நினைக்காதே. அந்த நாடாவைக் கட்டிய பிறகு ஒரு பூச்சாடிகூட உடையவில்லை. நேற்று அதை எடுக்கப் பார்த்தேன், நீ போட்ட முடிச்சு எத்தனை முயன்றும் அவிழவில்லை, பக்கத்தில் வெட்டித்தான் எடுத்தேன். எறிய மனமில்லை, இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன்.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயாமல் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா. எனக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். முன்சக்கரத்துக்கு ஒரு ஜோடி பிரேக் ஷூ வாங்கி வா, இங்கே அடுத்த கப்பல் வந்தால்தான் கிடைக்கும் என்கிறான் புனா. விமான நிலையத்துக்கு நானே வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன், நீ பின்னால் உட்கார்.

தன் கையால் எழுதி முடித்த மகிழ்ச்சியோடு,
உன் அப்பா
தெயாரிக்கி