பதினொன்று, பத்து, பதினொன்று

மார்ச் 4, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி எனக்கு வந்ததல்ல. டயர் விற்கிறவர் மானேஜருக்குக் கொடுத்தது. மானேஜர் அதை ஜன்னல் ஆடாமல் இருக்கச் செருகி வைத்திருந்தார். இன்று ஜன்னலைச் சரிசெய்துவிட்டார்கள், எடுத்துக்கொண்டேன். கேட்டுத்தான் எடுத்தேன் என்று எழுத ஆசை. அறையில் யாரும் இல்லாதபோது, ‘எடுத்துக்கிறேன் சார்’ என்று அவருடைய நாற்காலியிடம் சொன்னேன்.

எங்கள் வீட்டில் டைரி எழுதுகிற அளவுக்கு யாருக்கும் எதுவும் நடந்ததில்லை. முதல் பட்டதாரி என்பதால் இதையும் நானே தொடங்கிவைக்கிறேன்.

வேலை: லாரி ஷெட்டில் டயர் ரிஜிஸ்டர். முப்பத்தொரு லாரி. டயரின் பள்ளம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று, பேனா மாதிரி இருக்கும் ஒரு கேஜால் குத்திப் பார்த்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். டயர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேயாது. அதனால் வெளிஓரம், நடு, உள்ஓரம் என்று டயருக்கு மூன்று கட்டம். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது.

அம்மா வீட்டிலேயே தைக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வது: “எம் பொண்ணு ஆபீஸ்ல கணக்கு பாக்குறா. காலையில போட்ட துணி சாயங்காலம் அப்படியே வருது. ஒரு பொட்டு அழுக்கில்ல.” எனக்கு வெளிர்நிறமாகப் பார்த்துத் தைக்கிறாள். தினமும் தேய்த்தும் வைக்கிறாள்.

அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் வாரத்திலிருந்தே நினைப்பது. இன்று வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

டைரியிடமாவது உண்மை பேசலாம்.

முன்சக்கரத்தின் உள்ஓரத்தை அளக்க, டிரைவரிடம் ஸ்டீயரிங்கை ஒடித்துச் சக்கரத்தைத் திருப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மண்டிபோட்டு வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டும். முதலாவதற்கு வாய் வேண்டும், இரண்டாவதற்கு வேறு துணி வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. ஆகவே நின்றபடியே வெளிஓரத்தில் குத்துவேன். பதினொன்று காட்டினால் உள்ஓரத்துக்கும் பதினொன்று. மூன்றும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வருமே என்று நடுவில் பத்து. கல்லூரியில் நான் எடுத்த பாடம் புள்ளியியல்.

‘அண்ணா, ஸ்டீயரிங்கை கொஞ்சம் ஒடிக்கிறீங்களா?’ கண்ணாடி முன் நன்றாகத்தான் வருகிறது. கண்ணாடிக்கு லாரி ஓட்டத் தெரியாது.

பதினேழாம் நம்பர் வண்டி டிரைவருக்கு ஷெட்டில் நத்தை அண்ணன் என்று பெயர். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். “உன்னை சைக்கிள்காரன் முந்திட்டுப் போறானாமே?” என்றால், “போகட்டும், அவனுக்கு என்ன அவசரமோ” என்பார். நான் கேஜோடு வருவதைப் பார்த்தால் தானாகவே இறங்கிக் குழாயடிக்குப் போய்விடுவார். நான் சங்கடப்படக் கூடாது என்று. நானும் சங்கடப்படாமல் பதினொன்று, பத்து, பதினொன்று என்று எழுதிவிடுவேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன. மனசுக்குப் பட்டதைப் போட்டு அவற்றையும் நிரப்பிவிடலாமா என்று பார்த்தேன். பழக்கதோஷம்.

மார்ச் 12, புதன்

பதினேழின் முன்பக்க இடது டயர் ரோட்டில் வெடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. மெதுவாகப் போனதால் நத்தை அண்ணன் வண்டியைப் பிடித்து ஓரத்தில் நிறுத்திவிட்டார். வேறு டிரைவராக இருந்தால் கவிழ்ந்திருக்கும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார்.

டயரைக் கொண்டுவந்து வாசலில் போட்டிருக்கிறார்கள். உள்ஓரம் முழுக்க மொட்டை. கம்பி தெரிகிறது.

மத்தியானம் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மானேஜர் ரிஜிஸ்டரோடு வரச் சொன்னார். நத்தை அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“எழுத்து முத்து முத்தா இருக்கு” என்றார் மானேஜர் என்னிடம். இந்த ஷெட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. பிறகு அவரிடம் திரும்பினார். “போன மாசம் பத்தொன்பதாம் தேதி பதினொன்னு, பத்து, பதினொன்னு. மூணே வாரத்துல கம்பி தெரியுமா? நல்ல டயரைக் கழட்டி வித்துட்டு எங்கேயோ கிடந்த மொட்டைய மாட்டிட்டீங்க. டயர் நம்பர் இருந்த பக்கம் வேற கிழிஞ்சு போச்சு. வசதியாப் போச்சு உங்களுக்கு.”

“நான் மாத்தல சார்.”

“அப்ப ரிஜிஸ்டர் பொய் சொல்லுதா?”

நத்தை அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

“படிச்ச பொண்ணு எழுதினது. அது சரியாத்தான் சார் இருக்கும். ஆனா நான் மாத்தல.”

நான் பேனாவை மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

வண்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை போலீசில் எழுதிக் கொடுப்பார்களாம்.

மார்ச் 14, வெள்ளி

சொல்லிடணும். சொன்னா வேலை போயிடும். போனா அம்மா கேப்பா, ஏன் போச்சுன்னு. என்னன்னு சொல்லுவேன்? கூச்சமா இருந்துச்சும்மா, அதனால ஒரு மனுஷன திருடனாக்கிட்டேன்னா?

அவருக்கு வண்டி இல்லை. ஆனாலும் வழக்கம்போல காக்கிச் சட்டை போட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து கேட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “நத்தைக்கு ஓடு போச்சு” என்றார் மெக்கானிக் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

சாயங்காலம் அம்மா என் சட்டை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். “பாரேன், ஒரு பொட்டு அழுக்கில்ல.”

மார்ச் 15, சனி

காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. வெடித்தது இடது டயர். வலது டயர் இன்னும் அந்த வண்டியில்தான் இருக்கிறது. அதற்கும் பதினொன்று, பத்து, பதினொன்றுதான் எழுதியிருக்கிறேன். அதை யாரும் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரில்தான் முத்து முத்தாக இருக்கிறதே.

சாப்பாட்டு நேரத்தில், வெளிர்ப் பச்சைச் சுடிதாரோடு, மண்டிபோட்டேன். முட்டி ஆயிலில் வழுக்கியது. அப்படியே படுத்துக்கொண்டேன்.

“யாரு காலு இது?” மெக்கானிக் அண்ணன் குரல்.

“என்னோடதுண்ணா.”

“அங்க என்னம்மா பண்ற?”

“வேலை பாக்குறேன்.” ஐந்து மாதத்தில் முதல் தடவை.

வெளிஓரம் பதினொன்று. நடு எட்டு. உள்ஓரம் இரண்டு. டயர் நம்பர் ரிஜிஸ்டரில் உள்ள அதே நம்பர். மெக்கானிக் அண்ணனும் குனிந்து பார்த்தார். இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற ராடு வளைந்திருக்கிறது, அதனால் சக்கரங்கள் நேரே பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு ஓடியிருக்கின்றன, உள்ஓரம் தரையில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது என்றார். மாசக்கணக்கில் தேய்ந்ததாம்.

மேலே வந்து முகத்தைக்கூடத் துடைக்காமல் மானேஜர் அறைக்குப் போனேன். துடைக்க நின்றால் துடைத்துக்கொண்டே நின்றிருப்பேன்.

“சரி, ரெண்டுன்னா ரெண்டு. பதினொன்னுன்னு ஏன் எழுதின?”

“அளக்கல சார்.”

“இந்த வண்டிக்கா?”

“எந்த வண்டிக்குமே உள்பக்கம் அளக்கல சார்.”

மானேஜர் ரிஜிஸ்டரை மூடினார். “அந்த விஷயத்துல பாரபட்சமே பாக்கல போலிருக்கே” என்றார். பிறகு ஆளனுப்பி நத்தை அண்ணனை வரவழைத்து, “ராடு மாத்தினதும் வண்டிய எடுத்துக்கங்க” என்றார். மன்னிப்புக் கேட்பது அவருக்கும் வராது போல. என்னிடம், “முப்பத்தொரு வண்டியும் முதல்லேருந்து. மாசக் கடைசிக்குள்ள. உன் வேலையப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

வெளியே நத்தை அண்ணனிடம், “மன்னிச்சிடுங்கண்ணா” என்றேன்.

“அஞ்சு மாசமாவா?”

“ஆமாண்ணா.”

“அந்த வண்டியில உக்காந்திருந்தது நான்மா.”

அவ்வளவுதான். குழாயடிக்குப் போய்விட்டார்.

வீட்டில், வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். அம்மா என் முட்டியைப் பார்த்தாள். காயம் இல்லை. சுடிதாரை வாங்கி ஊறவைத்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

முதலில் பதினேழிடமே போனேன். புது ராடு, புது டயர்கள். நத்தை அண்ணன் மேலே உட்கார்ந்திருந்தார். இந்த முறை இறங்கிப் போகவில்லை. நான் மூச்சைப் பிடித்து, “அண்ணா, ஸ்டீயரிங்கை கொஞ்சம் ஒடிக்கிறீங்களா?” என்றேன்.

“எந்தப் பக்கம்?”

ஐந்து மாத ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவே இல்லை.

“சரி, ரெண்டு பக்கமும் ஒடிக்கிறேன். இருந்து பாரு” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் கீழே இருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

பத்தொன்பது வண்டி முடிந்தது. இரண்டில் முன்டயர் உள்ஓரம் போயிருக்கிறது. ஒன்றில், பின்னால் ஜோடியாக இருக்கும் சக்கரத்தில் உள்ளே இருப்பது காற்றில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். டிரைவர்கள் என்னைப் பார்த்தால் இப்போது அவர்கள்தான் ஒதுங்குகிறார்கள்.

ஷெட் குழாயில் முட்டியைக் கசக்கிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வருகிறேன். “எங்க மழை?” என்கிறாள் அம்மா.

மார்ச் 23, ஞாயிறு

அளவு கொடுக்க வந்தவள் கேட்டாள்: “உங்க பொண்ணு ஆபீஸ்லதானே?” அம்மா என் பக்கம் திரும்பாமல், “ஆமா” என்றாள். பொட்டு அழுக்கில்லை என்பதைச் சொல்லவே இல்லை.

அவள் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். டயர், பதினொன்று, பெஞ்சு, வழுக்கி விழாதது. அம்மாவின் கால் மிஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

“அப்ப இவ்வளவு நாளும் துணி அழுக்காகாம வந்தது…”

“நான் ஒழுங்கா வேலை பாக்காததாலம்மா.”

அம்மா நூலைக் கடித்து அறுத்தாள். இன்னும் ஐந்து வண்டி இருக்கிறது, அப்புறமும் வேலை இருக்குமா தெரியாது என்றேன். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கண்ணாடி முன் ஒத்திகை பார்க்காத ஒன்று.

“அம்மா, எனக்கு ஒரு பேண்ட் தைச்சுக் குடும்மா. கறுப்புல. முட்டியில ரெட்டைத் துணி வெச்சு.”