சருகப்பனின் போர்வை

சருகு மாதம் 3

போர்வைக்குத் துணி வந்துவிட்டது. இந்த வருஷமும் கோயிலில் மலிவாகத்தான் பிடித்திருக்கிறார்கள். கத்தரி படும் முன்பே இழை பிரிகிறது. சருகப்பன் கல்லாய் நிற்கிறார், வாய் திறந்து கேட்கவா போகிறார் என்ற தைரியம். தைக்கிறவள் நான் கேட்பேனே!

காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். சாவு விழுந்த வீடுகளிலிருந்து, போனவர் உடுத்திய துணியில் போர்வையில் வைத்துத் தைக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. ரொட்டிக்காரர் மனைவியின் மேலாடை. கொல்லர் வீட்டுக் குழந்தையின் தொப்பி. தொப்பியை வெட்டக் கை வரவில்லை. முழுசாகவே வைத்துத் தைத்துவிட்டேன்.

சருகு மாதம் 4

அத்தை இன்றும் ஆரம்பித்துவிட்டார்.

“துண்டு இல்லாதவன் பனிக்காலம் முழுக்க வெளியில நிக்கணும். அப்பன் போர்வைக்குள்ள சேர்த்துக்க மாட்டார். தெரியும்ல?”

“அது செத்தவங்களுக்கு அத்தை. உங்க பிள்ளை செத்துட்டார்னு யார் சொன்னா?”

உயிரோடு இருப்பவரின் துணியைத் தைத்தால் சருகப்பன் அவரைத் தேடி வந்துவிடுவார் என்பதும் அத்தைக்குத் தெரியும். ஆணியில் மாட்டியிருக்கும் என் வீட்டுக்காரரின் பழைய சட்டையை நாங்கள் இருவரும் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருப்பதும் தினப்படி வேலையாகிவிட்டது.

அவர் ஏறிய உப்புப் படகு கிளம்பியது வெயில் மாதத் தொடக்கத்தில். மற்ற படகுகள் வந்துவிட்டன. கிளம்பும் அவசரத்தில் கறுப்பு நூல் தீர்ந்துபோய், புதுச் சட்டையின் பொத்தான்களைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன். “மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?” என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டிவிட்டுப் போன மனுஷன்.

சருகு மாதம் 9

எப்படி எழுதுவது இதை.

அத்தை வந்து ஒரு துண்டைக் கையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. “இதையும் தைச்சிடு. எதுவும் கேக்காத.”

சரி, மனசைக் கல்லாக்கிக்கொண்டுவிட்டார், சட்டையை வெட்டிவிட்டார் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் சட்டைத் துணியே இல்லை. அத்தையின் சால்வை ஓரம். போன வருஷம் அந்த ஓரத்தை மடித்துத் தைத்தவளே நான். என் தையல் எனக்குத் தெரியாதா?

முன்பெல்லாம் சருகப்பனோடு இப்படிப் பேரம் பேசுவார்களாம். என்னை எடுத்துக்கொள், அவனை அனுப்பிவிடு.

தைக்க மாட்டேன். ஊசி டப்பாவுக்கு அடியில் போட்டு மூடிவிட்டேன்.

சருகு மாதம் 10

“தைச்சாச்சா?” என்றார். “ஆச்சு” என்றேன்.

போர்வையைச் சருகப்பனுக்குப் போர்த்தினார்கள். கூட்டத்தில் அத்தை மட்டும் சிரித்த முகமாக நின்றார்.

பனி மாதம் 12

எதை எடுத்தாலும் அத்தை எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இந்தப் பானை சூடு தாங்காது, அந்தக் கதவைத் தூக்கிச் சாத்தணும், அவனுக்கு உப்பைக் குறைச்சுப் போடு, இப்பவே பழக்கிக்கோ. இத்தனை வருஷம் அந்தக் கதவோடு மல்லுக்கட்டியது நான். எனக்கே பாடம்!

சிரிப்பு வந்தது. பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பனி மாதம் 20

பனியக்கா திருநாள். அவள் வந்து உட்கார்ந்து போகட்டும் என்று பொழுது சாயும்வரை ஒரு வீட்டிலும் கதவைச் சாத்துவதில்லை. அத்தை துவைத்த துணி உடுத்தி, வாசலை ஒட்டி நாற்காலி போட்டு, மூலை வெட்டுப்பட்ட சால்வையோடு காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்தும் எழுந்திருக்கவில்லை.

நான் கதவைச் சாத்தியபோது, “அப்பன் இன்னும் கூப்பிடலையே” என்றார். வண்டியைத் தவறவிட்டவர் குரல்.

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? சொல்லவில்லை.

முளை மாதம் 1

சொல்லியாயிற்று. அதுவும் ஊருக்கு நடுவில்.

முளைத்தாய்க்கு ஆற்றில் கணக்குச் சொல்லும் நாள். போர்வையை நீரில் விட்டதும், முழங்கால் தண்ணீரில் நிற்கிறவர்களைப் பூசாரி வீடு வீடாகக் கூப்பிடுவார். பனியைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவராக “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். “தையற்காரி வீடு!” என்றார். நான் சொன்னேன். அத்தை கரையிலேயே வாயை மூடிக்கொண்டு நின்றார். பூசாரி மறுபடி கூப்பிட்டார். போர்வையோடு போனவள் எப்படி இருக்கேன் என்று சொல்வாள்? அதுதான் அத்தையின் நினைப்பு.

எனக்குத் தாங்கவில்லை. “இருக்காங்க! என் அத்தை இருக்காங்க! நான் தைக்கவே இல்ல!” என்று கத்திவிட்டேன்.

அத்தை அங்கேயே என் தோளைப் பிடித்து உலுக்கினார். “என் உயிரு, நான் குடுத்தேன். நீ யாருடி தடுக்க? அவன் வந்திருப்பான்டி! வந்திருப்பான்!”

இரண்டு பேரையும் பறிகொடுக்க என்னால் முடியாது அத்தை என்று சொல்ல நினைத்தேன்.

முளை மாதம் 2

அத்தை பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்.

முளை மாதம் 17

சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்தால்தான் சாப்பிடுகிறார். ஒருவேளை அவர் சொல்வதுதான் நிஜமோ? பாதி வழி வந்துகொண்டிருந்தவரை நானே திருப்பி அனுப்பிவிட்டேனோ? நாள் முழுக்க இதே கேள்வி. இன்று ஒரு சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

வெயில் மாதம் 6

வெயிலண்ணன் திருநாள். வெளியூர்ப் படகுகள் கரை தட்டும் நாள்; இறங்குகிறவர் யாரானாலும் முதல் குவளைத் தண்ணீர் நாம் கொடுக்க வேண்டும். அத்தையும் குடத்தோடு வந்தார், என்னை விட்டுத் தள்ளித்தான்.

தூரத்துத் துறைமுகத்துப் படகு ஒன்று வந்தது. சுக்கான் பிடிப்பவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, எங்கள் ஊர்ப்பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்க ஊர் உப்புப் படகும்மா. போன வருஷம், நல்ல வெயில்லயே பாறையில மோதிடுச்சு. ஒருத்தர் எங்க கரையில ஒதுங்கினார். நாங்கதான் புதைச்சோம். முகம் அடையாளம் தெரியல. சட்டைப் பொத்தானெல்லாம் சிவப்பு நூல்ல தைச்சிருந்துச்சு.”

குவளை என் கையிலிருந்து விழுந்தது. அத்தைதான் குனிந்து எடுத்தார்.

“போன வெயில்லயா?” என்று அவரிடம் கேட்டார். பிறகு என்னிடம், “அப்போ நான் துண்டு குடுக்கறதுக்கு முன்னாடியேடி.” என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

என் மேல் பழி இல்லை என்றதும் முதலில் மனசு லேசாகிவிட்டது. சீ, என்ன பிறவி நான்! அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

சருகு மாதம் 5

ஆணியிலிருந்து சட்டையை அத்தைதான் எடுத்து வந்தார். மடியில் விரித்து, உள்ளங்கையை வைத்து அளந்து, கத்தரியை எடுத்தேன். கையைப் பிடித்தார்.

“ஒரு பனிக்காலம் முழுக்க வெளியில நின்னிருக்கான்டி. வெட்டாத. முழுசா வச்சுத் தை.”

“கோயில்ல கேப்பாங்க அத்தை. போர்வை புடைச்சுக்கிட்டுத் தெரியும்.”

“தெரியட்டும்.”

கறுப்பு நூல் இந்த வருஷம் நிறைய இருக்கிறது. சிவப்பைத்தான் கோத்தேன். சட்டையின் ஒரு கையை அத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ள, கழுத்திலிருந்து ஓரம்வரை தைத்து முடித்தேன். கண்ணைத் துடைக்கக்கூட அவர் பிடியை விடவில்லை.

பிறகு ஊசி டப்பாவுக்கு அடியில் கிடந்த துண்டை எடுத்து, அவர் சால்வையின் மூலையில் திரும்ப வைத்துத் தைத்தேன். ஒன்றும் சொல்லாமல் போர்த்திக்கொண்டார். காற்று இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டது.